ஏரிக்கரையில் முதல் மாதம்: நீர்ப்பறவை பார்க்கத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

புறநகர்ப் பூங்கா ஏரியைச் சுற்றி நடப்பவர் யாரிடமாவது தண்ணீரில் என்ன பறவை இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "வாத்து" என்றுதான் பதில் வரும். நானும் ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் அதே ஏரியை இரண்டு சுற்று வேகமாக நடப்பேன். ஒரு நாள் செருப்பு வார் அறுந்துபோய், கரையோர இருக்கையில் உட்கார வேண்டியதாயிற்று. எதிரே கோரைக்குப் பக்கத்தில் கைப்பிடி அளவில் ஒரு பழுப்பு உருண்டை மிதந்துகொண்டிருந்தது. வாத்துக்குஞ்சு என்று நினைத்து நான் தினமும் கடந்துபோன அதே உருண்டை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிக்காமல் உள்ளே போய்விட்டது. பதினைந்து இருபது நொடி கழித்துப் பத்தடி தள்ளி எழுந்தபோது அதன் அலகில் விரல் நீளத்துக்கு ஒரு மீன் துடித்துக்கொண்டிருந்தது. அது குஞ்சே அல்ல. முழுதாக வளர்ந்த முக்குளிப்பான். ஒரு வருடம் தினமும் பார்த்தும் நான் அதைப் பார்த்திருக்கவில்லை.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: நடப்பதைக் குறைத்து உட்காருங்கள். ஊர் ஊராக ஏரி தேடிப் போகவும் வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே ஏரிக்கு, ஒரு மாதம், வாரம் இரண்டு முறை போனால் போதும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த ஒரு மாதத்துக்கான வழி.

கிளம்புவதற்கு முன்

சூரியன் உதித்த முதல் இரண்டு மணி நேரம் நல்ல நேரம். இரவெல்லாம் பசித்திருந்த பறவைகள் அப்போதுதான் மும்முரமாக இரை தேடும். காலையில் முடியாவிட்டால், சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம். நடுப்பகலில் பாதிப் பறவைகள் தலையை முதுகில் செருகித் தூங்கிக்கொண்டிருக்கும். வெயில் ஏறிய பிறகு தண்ணீருக்கு மேல் காற்று நெளிவதால், பைனாகுலரில் பார்த்தாலும் உருவம் கலங்கித்தான் தெரியும்.

தொப்பி, குடிக்கத் தண்ணீர், சின்ன நோட்டு, பென்சில். பென்சில் என்று சொல்வதற்குக் காரணம், ஈரக் கையில் பேனா மை ஓடிவிடும். உடை நிறத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பூங்காப் பறவைகள் மனிதர்களுக்குப் பழகியவை. அவற்றை மிரட்டுவது சட்டை நிறத்தைவிடத் திடீர் அசைவுதான். கேமராவை முதல் சில தடவை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்பது என் கட்சி. படம் நன்றாக வர வேண்டும் என்ற கவலை வந்துவிட்டால் பறவை என்ன செய்கிறது என்பது கண்ணில் படாது.

பைனாகுலரும் முதல் இரண்டு தடவைக்குத் தேவையில்லை. வெறும் கண்ணால் ஏரியைப் படிக்கப் பழகிக்கொண்டு அப்புறம் வாங்கலாம். அதன் மேல் 8×42 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பெரிதாகக் காட்டினால் நல்லதுதானே என்று 10 மடங்கு, 12 மடங்கு வாங்காதீர்கள். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும், தெரியும் பரப்பும் சுருங்கும். முங்கி எழும் பறவையைத் தேடிப் பிடிக்க அகலமான பார்வைதான் வேண்டும். 8×42 அல்லது 8×32 போதும்.

வாங்கியவர்களில் பலர் அதைத் தங்கள் கண்ணுக்குப் பொருத்துவதே இல்லை. ஐந்து நிமிட வேலைதான். முதலில் இரண்டு குழலையும் விரித்தும் மடக்கியும், இரண்டு வட்டமும் சேர்ந்து ஒரே வட்டமாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். தூரத்தில் அசையாத ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள், ஒரு அறிவிப்புப் பலகை என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்க முன்கண்ணாடியைக் கையால் மூடிக்கொண்டு, இடது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்வரை நடுச்சக்கரத்தைத் திருப்புங்கள். அடுத்து இடப்பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண் வைக்கும் இடத்தில் இருக்கும் சிறு வளையத்தை மட்டும் திருப்பி அந்தக் கண்ணுக்கும் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தை இனி அசைக்க வேண்டாம். அதன் பிறகு எந்தத் தூரத்துக்கும் நடுச்சக்கரம் மட்டும் போதும். மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவர்கள் கண் வைக்கும் ரப்பர் விளிம்பை உள்ளே தள்ளிக்கொள்ளுங்கள். பறவையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, தலையை அசைக்காமல், பைனாகுலரை முகத்துக்குக் கொண்டுவரப் பழகுங்கள். கீழே குனிந்து கருவியை எடுத்துவிட்டு நிமிர்ந்தால் பறவை எங்கே இருந்தது என்பதே மறந்துபோகும்.

முதலில் ஏரியைப் பாருங்கள்

முதல் நாள் மட்டும் ஏரியை ஒரு முழுச் சுற்று நடங்கள். பறவையைத் தேடி அல்ல, ஏரியைத் தெரிந்துகொள்ள.

பூங்கா ஏரிகளில் பெரும்பாலானவை மனிதர் வெட்டியவை. பொதுப்பணத்தில் அமைந்த நகரப் பூங்காக்களில் மிகப் பழையவற்றில் ஒன்று, இங்கிலாந்தின் பிர்க்கன்ஹெட் பூங்கா. ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்து 1847-ல் திறந்தார்கள். அங்கே சதுப்பு நிலத்தில் ஏரி வெட்டி, அந்த மண்ணைக் கொண்டே சுற்றிலும் மேடுகள் எழுப்பினார்கள். புறநகர்களில் பல ஏரிகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு: சுற்றியுள்ள தெருக்களின் மழைநீரை வாங்கி நிறுத்தி, வெள்ளம் வராமல் மெல்ல வெளியே விடுவது. மழைக்கு மறுநாள் தண்ணீர் கலங்கி, குப்பை மிதந்து, மட்டம் ஏறியிருந்தால் அதுதான் காரணம்.

சுற்றி வரும்போது இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உள்ளே வரும் வாய் எங்கே? அங்கே வண்டல் படிந்து ஆழம் குறைவாக இருக்கும், காலால் துழாவி இரை தேடும் கொக்குகள் அங்கேதான் நிற்கும். கோரை, நாணல் எந்தப் பக்கம்? ஒளிந்து வாழும் நீர்க்கோழி இனங்களின் வீடு அது. நடுவில் தீவு இருக்கிறதா? நாயும் பூனையும் போக முடியாத இடம் என்பதால் கூடு கட்டவும் இரவில் அடையவும் பறவைகள் தீவைத்தான் விரும்பும். தண்ணீருக்கு மேல் சாய்ந்த கிளை, நட்டுவைத்த கம்பம், மிதக்கும் மரக்கட்டை ஒன்றையும் விடாதீர்கள். நீர்க்காகமும் மீன்கொத்தியும் உட்காரும் இடங்கள் அவை. கரை முழுக்கச் சிமெண்ட் சுவராக இருக்கும் பக்கத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பறவை ஏறி இறங்கச் சரிவும், ஒளியப் புல்லும் வேண்டும்.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவையின் நிறம் பளிச்சென்று தெரியும். மேற்குக் கரையில் நின்றால் எல்லாமே கறுப்பு நிழல். மாலையில் இது அப்படியே மாறிவிடும். காற்று பலமாக அடிக்கும் நாளில் பறவைகள் காற்று படாத கரையோரம் ஒதுங்கியிருக்கும்.

அப்புறம் உட்காருங்கள்

இரண்டாவது தடவையிலிருந்து, கோரை ஒரு பக்கமும் திறந்த தண்ணீர் ஒரு பக்கமும் தெரிகிற ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, இருபது நிமிடம் எழுந்திருக்காமல் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் எதுவும் நடக்காதது போலத்தான் இருக்கும். நீங்கள் வந்தபோது விலகிப் போனவை அதற்கப்புறம் திரும்பி வரும். கோரைக்குள் மறைந்தவை மெல்லத் தலை நீட்டும். இந்த இருபது நிமிடம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இதைச் செய்யாமல் பறவைப் பெயர்களை மனப்பாடம் செய்வதில் பலன் இல்லை.

ஒரு நேரத்தில் ஒரு பறவை. ஏரி முழுக்கக் கண்ணை ஓட்டிக்கொண்டிருக்காமல், ஒன்றைத் தேர்ந்து ஐந்து நிமிடம் அதை மட்டும் தொடருங்கள். அது முங்குகிறதா, தலையை மட்டும் கவிழ்க்கிறதா, நடக்கிறதா, சும்மா நிற்கிறதா? பெயர் கண்டுபிடிக்க நிறத்தைவிட இந்தக் கேள்விகள்தான் அதிகம் உதவும்.

யார் யார் என்று தெரிந்துகொள்வது

வாத்துகளில் இரண்டு வகை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வகை தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கிக் கவிழ்ந்து மேயும், உடல் முழுதாக முங்காது. இன்னொரு வகை முழுதாக முங்கி அடியில் இரை தேடும். கால் உடலில் எங்கே இருக்கிறது என்பதுதான் வித்தியாசத்துக்குக் காரணம். கவிழ்ந்து மேய்பவற்றுக்குக் கால் உடலின் நடுவில் இருப்பதால் கரையில் நன்றாகவே நடக்கும், தண்ணீரிலிருந்து ஒரே துள்ளலில் மேலே எழும்பிப் பறக்கும். முங்குபவற்றுக்குக் கால் பின்னால் தள்ளி இருக்கும். தண்ணீருக்குள் நீந்த அது வசதி. ஆனால் பறக்க வேண்டுமென்றால் தண்ணீர்மேல் கொஞ்ச தூரம் தடதடவென்று ஓடித்தான் எழும்ப முடியும்.

கவிழ்ந்து மேய்பவற்றில் உலகில் மிகப் பரவலாகக் காணப்படுவது மல்லார்ட். ஆணுக்குப் பச்சை மின்னும் தலை, கழுத்தில் வெள்ளை வளையம், வால் பக்கத்தில் மேல்நோக்கிச் சுருண்ட கறுப்பு இறகு. பெண் பழுப்புப் புள்ளிகளோடு இருக்கும். "குவாக்" என்று உரக்கக் கத்துவது பெண்தான், ஆணின் குரல் அடங்கிய கரகரப்பு.

கறுப்பு உடல், நெற்றியில் வெள்ளைத் தகடு, அதே வெள்ளையில் அலகு. இது நாமக்கோழி. பெயர் வைத்தவர் நெற்றியைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். இது வாத்து அல்ல, கோரைக்குள் வாழும் நீர்க்கோழிக் குடும்பம். கரையில் ஏறும்போது காலைப் பாருங்கள், வினோதமான கால் அது. வாத்துக்கு இருப்பது போல விரல்களை இணைக்கும் சவ்வு கிடையாது. ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் இலை இலையாகத் தசை மடல் விரிந்திருக்கும். பின்னோக்கித் தள்ளும்போது மடல் விரிந்து துடுப்பாகும், காலை முன்னே இழுக்கும்போது மடங்கிக்கொள்ளும். நாமக்கோழிகள் ஓயாமல் சண்டை போடும். இரண்டும் பின்னால் சாய்ந்து, தண்ணீரில் உட்கார்ந்த மாதிரி, காலாலேயே உதைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பைனாகுலரைத் திருப்பினால் மடல்கள் தெளிவாகத் தெரியும்.

இதோடு குழம்பக்கூடியது தாழைக்கோழி. நெற்றித் தகடு சிவப்பு, அலகு நுனி மஞ்சள். நடக்கும்போதும் நீந்தும்போதும் வாலைச் சுண்டிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு சுண்டலுக்கும் அடிவாலின் வெள்ளை பளிச்சிடும். நாமக்கோழி நடு ஏரிக்குத் தைரியமாகப் போகும், தாழைக்கோழி கோரை ஓரத்தைவிட்டு அதிகம் விலகாது.

முக்குளிப்பானை அடையாளம் காண எளிய வழி: பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனால் அதுதான். முங்கிய நொடியிலிருந்து மனதுக்குள் எண்ணுங்கள். பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் எழும்பிவிடும், ஆனால் முங்கிய இடத்தில் அல்ல. எழும் இடத்தை ஊகிப்பது குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு. கூட்டி வந்த குழந்தை அலுத்துப் போனால் இதைத் தொடங்கிவிடுங்கள்.

நீர்க்காகம் நீந்தும்போது உடல் பாதி மூழ்கி, கழுத்தும் தலையும்தான் தெரியும். முங்கி மீன் பிடித்தபின் கம்பத்தில் ஏறி இரண்டு சிறகையும் விரித்துப்போட்டு உட்காரும். அதன் இறகின் வெளிப்பகுதி தண்ணீரை உறிஞ்சும். மிதக்கும் தன்மை குறைவதால் ஆழத்துக்குப் போவது எளிது, அதற்கு ஈடாகத்தான் இந்த உலர்த்தல். வாத்துக்கு இந்தப் பாடே இல்லை. வால் தொடங்கும் இடத்தில் உள்ள சுரப்பியின் எண்ணெயை அலகால் தொட்டு இறகெல்லாம் பூசிக்கொள்ளும். நெருக்கமாகக் கோத்த இறகு அமைப்பும் அந்த எண்ணெயும் சேர்ந்து தண்ணீரை உள்ளே விடாது. வாத்து தலையைப் பின்னால் திருப்பி வாலருகே தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால், அதைத்தான் செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கொக்கு இனங்கள் கரையோரம் கல்லாக நிற்கும். பறக்கும்போது கழுத்தை எஸ் வடிவில் மடித்துக்கொள்வது இந்தக் குடும்பத்தின் அடையாளம். சிறுவெண்கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். ஆழமில்லாத இடத்தில் ஒரு காலை முன்னே நீட்டி, அந்த மஞ்சள் பாதத்தைச் சேற்றில் படபடவென்று நடுக்கும். மிரண்டு வெளியே வரும் மீன் அலகில் மாட்டும். இதைப் பக்கத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டால், கொக்கு சும்மா நிற்கும் பறவை என்று சொல்ல மனம் வராது. அந்தி நேரத்தில் தீவு மரத்திலிருந்து "வக்" என்று ஒற்றைக் குரலோடு கிளம்புவது வக்கா. பகலெல்லாம் இலைக்குள் தோளைக் குறுக்கித் தூங்கிக்கொண்டிருந்திருக்கும்.

குழப்பும் வாத்துகள்

எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு வாத்தைப் பூங்காவில் கட்டாயம் பார்ப்பீர்கள். பாதி வெள்ளை, பாதி பழுப்பு, மார்பில் மட்டும் திட்டு. புதிய இனம் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். வளர்ப்பு வாத்துகளில் ஏறக்குறைய எல்லாமே மல்லார்டின் வழிவந்தவை. யாரோ கொண்டுவந்து விட்ட வளர்ப்பு வாத்து, காட்டு வாத்தோடு கலந்து இப்படிப் பல நிறத்தில் குஞ்சு பொரிக்கும். ஆணாக இருந்தால் வாலில் சுருண்ட இறகு இருக்கிறதா பாருங்கள். முகத்தில் சிவப்பு மருக்கள் படர்ந்த கனமான வாத்து மட்டும் வேறு இனம். அது தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட மஸ்கோவி.

இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஏரியிலிருந்த ஆண் மல்லார்டுகள் எல்லாம் காணாமல் போய், பெண்கள் மட்டும் இருப்பது போலத் தோன்றும். ஆண்கள் எங்கேயும் போகவில்லை. இறகு உதிர்த்துப் பெண்ணைப் போல மங்கிய வேடத்தில் இருக்கின்றன. அந்தச் சமயத்தில் பறக்கும் இறகுகள் எல்லாம் ஒரே தடவையில் உதிர்வதால் மூன்று நான்கு வாரம் பறக்கவே முடியாது. அலகைப் பாருங்கள்: சீரான மஞ்சள் பச்சை என்றால் ஆண், ஆரஞ்சில் கருந்திட்டு என்றால் பெண். பறக்க முடியாத அந்த வாரங்களில் அவற்றின் பக்கத்தில் போகவே கூடாது. தப்பிக்க அவற்றுக்கு வேறு வழியில்லை.

ரொட்டி

இதைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்வேன். ரொட்டி போடாதீர்கள். போடுகிறவர்கள் எல்லோரும் அன்போடுதான் போடுகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழந்தையின் கையைப் பிடித்து அழைத்துவந்து, துண்டு துண்டாகப் பிய்த்துப் போடும் பாட்டியைப் பார்த்தால் மனம் இளகத்தான் செய்கிறது. ஆனால் விளைவு வேறு. ரொட்டி வயிற்றை நிரப்பும், சத்து தராது. வயிறு நிரம்பிய வாத்து பூச்சியும் நீர்ச்செடியும் தேடாது. வளரும் குஞ்சுகளுக்கு இது இன்னும் மோசம். சாப்பிடாமல் விட்ட துண்டுகள் அடியில் அழுகி, பாசிக்கு உரமாகி, தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனைக் குறைக்கும். எலிகளையும் வரவழைக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வெயில் காலத்தில், ஆக்சிஜன் குறைந்த வெதுவெதுப்பான தேங்கிய நீரில், பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் பெருகும். அந்த நஞ்சு தாக்கிய பறவை முதலில் பறக்க முடியாமலும் பிறகு கழுத்தைத் தூக்க முடியாமலும் ஆகி, தலை தண்ணீரில் தொங்கி மூழ்கிவிடும். இறந்த பறவையில் வைக்கும் ஈப்புழுக்களில் நஞ்சு சேரும். அந்தப் புழுவைத் தின்ற அடுத்த வாத்தும் சாகும். அதனால்தான் கரையில் செத்த பறவையைக் கண்டால் உடனே தகவல் சொல்ல வேண்டும்.

தீனி போட அனுமதி உண்டா என்பதைப் பூங்கா வாசலில் இருக்கும் பலகையில் முதலில் பாருங்கள். கூடாது என்றிருந்தால் எதுவும் போடக் கூடாது. அனுமதித்திருந்தால் ஒரு கைப்பிடி தானியம், பொடியாக நறுக்கிய கீரை, அதுவும் பறவைகள் தின்று முடிக்கும் அளவு மட்டும். மற்றவர்கள் ரொட்டி போடுவதைப் பார்த்தால் அதட்ட வேண்டாம். நான் பைனாகுலரைக் குழந்தை கையில் கொடுத்து, "அந்த வாத்து தலைகீழா நிக்குது பாரு, கீழே என்ன தேடுதுன்னு சொல்லு" என்பேன். அதிகமான தடவை அதுவே போதுமாக இருந்திருக்கிறது. ரொட்டிப் பொட்டலம் மறந்துபோகும்.

எவ்வளவு பக்கத்தில் போகலாம்

அளவு நாடாவால் சொல்ல முடியாது, பறவைதான் சொல்லும். மேய்வதை நிறுத்திக் கழுத்தை நேராக நிமிர்த்தினால் அது உங்களைக் கவனித்துவிட்டது. அங்கேயே நின்றுவிடுங்கள். அவசரமில்லாத மாதிரி மெல்ல விலகி நீந்தத் தொடங்கினால் நீங்கள் அளவு தாண்டிவிட்டீர்கள், இரண்டு எட்டு பின்வாங்குங்கள். பறக்க வைத்துவிட்டால் அதன் சக்தியை வீணாக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அன்னம், பெரிய வாத்து வகைகள் குஞ்சோடு இருக்கும்போது மிகவும் கவனம். சீறினாலோ, சிறகை முதுகுக்கு மேல் வளைத்துத் தூக்கிக்கொண்டு நேராக வந்தாலோ, முதுகைக் காட்டி ஓடாமல் அதைப் பார்த்தபடியே பின்வாங்குங்கள். நாயைக் கூட்டி வந்தால் கயிறு கையை விட்டுப் போகக் கூடாது. தண்ணீரில் பச்சைப் பெயிண்ட் கொட்டியது போல ஏடு படிந்திருந்தால் நாயும் குழந்தையும் அதைத் தொடவே விடாதீர்கள். சில வகை நீலப்பச்சைப் பாசி நஞ்சு உள்ளது, அதைக் குடித்த நாய்கள் இறந்திருக்கின்றன.

குஞ்சு தனியாக நிற்பதைப் பார்த்ததும் தூக்கிவிடாதீர்கள். வாத்துக்குஞ்சுகள் பொரித்த ஓரிரு நாளில் கூட்டை விட்டுத் தாயின் பின்னால் நீந்தத் தொடங்கிவிடும். தாய் பெரும்பாலும் பக்கத்துக் கோரையில் நீங்கள் போவதற்காகக் காத்திருக்கும். தள்ளி நின்று ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

தூண்டில் நூல் பற்றி ஒரு அனுபவம். ஒரு நாமக்கோழியின் காலில் நூல் சுற்றியிருப்பதைப் பார்த்துவிட்டு, பதறிப்போய் முழங்கால் தண்ணீரில் இறங்கி அதை நெருங்கினேன். அது மிரண்டு கோரைக்குள் பாய்ந்தது. நூல் கோரைத் தண்டில் சுற்றி முன்பைவிட இறுகிவிட்டது. மறுநாள் பூங்காப் பணியாளர் ஒருவர் நீளக் கம்பு வலையோடு வந்து, அரை மணி நேரம் அசையாமல் நின்று, அதைப் பிடித்து நூலை வெட்டிவிட்டார். அன்றிலிருந்து நான் செய்வது: துரத்துவதில்லை. எந்த இடம், எந்தக் கால், எத்தனை மணி என்று குறித்து, ஒரு படம் எடுத்துப் பணியாளரிடம் உடனே சொல்கிறேன். கரையில் கிடக்கும் நூலை மட்டும் எடுத்துச் சுருட்டி, விரல் நீளத் துண்டுகளாக வெட்டி மூடியுள்ள தொட்டியில் போடுகிறேன். ஈயக் குண்டு கிடந்தால் அதையும் விடாதீர்கள். கூழாங்கல் என்று நினைத்து விழுங்கிய அன்னங்கள் ஏராளமாக இறந்ததால்தான் பிரிட்டனில் 1987-ல் தூண்டிலுக்கான சிறு ஈயக் குண்டுகளைத் தடைசெய்தார்கள்.

நோய்வாய்ப்பட்ட பறவையையோ செத்த பறவையையோ வெறுங்கையால் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சல் நீர்ப்பறவைகளிடம் எளிதாகப் பரவும். எச்சம் படிந்த இருக்கை, கைப்பிடி தொட்டால் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நோட்டில் என்ன எழுதுவது

தேதி, நேரம், காற்று, வெளிச்சம், இனம், எண்ணிக்கை. அடையாளம் தெரியாததற்குப் பெயர் வைக்க அவசரப்படாமல், பார்த்ததை அப்படியே எழுதுங்கள்: "புறா அளவு, முங்குகிறது, கண் மஞ்சள், அலகு ஓரம் வெளிர் புள்ளி." கோடுகளால் ஒரு படமும் போட்டுவையுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. வரையும்போதுதான் வால் எப்படி இருந்தது என்பதைக் கவனிக்கவில்லை என்று தெரியவரும், மறுபடி பார்ப்பீர்கள்.

கூட்டத்தை எண்ணும்போது முதல் பத்தை மட்டும் ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டு, அதே அளவாக நகர்த்திக்கொண்டே போங்கள். முங்கும் பறவைகளை மூன்று தடவை எண்ணி, மூன்றில் மிகப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். காலில் வளையம் மாட்டிய பறவை கண்ணில் பட்டால் நிறம், எழுத்து, எந்தக் கால் என்று குறித்துக்கொள்ளுங்கள். டென்மார்க்கில் ஹான்ஸ் மோர்டென்சன் 1899-ல் எண் பொறித்த வளையங்களை மாட்டத் தொடங்கியதிலிருந்து, பறவைகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று நமக்குத் தெரிந்ததில் பெரும் பங்கு இப்படிக் கரையில் நின்று வளையத்தைப் படித்தவர்களால் வந்தது.

பெயர் கண்டுபிடிக்க மெர்லின் என்ற இலவச செயலி உதவும். எண்ணிக்கையை 2002-ல் தொடங்கிய இ-பேர்ட் தளத்தில் பதிவு செய்யலாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. உலக அளவிலான கணக்கெடுப்பு 1967-லேயே தொடங்கிவிட்டது. பூங்கா ஏரியின் எண்ணுக்கும் அங்கே இடம் உண்டு. பத்து நாமக்கோழி மட்டும்தான் இருந்தது என்று கூச்சப்பட்டுப் பதியாமல் விட்டுவிடாதீர்கள். அடுத்த வருடம் அது இரண்டாகக் குறைந்தால், இந்தப் பத்துதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

மாதக் கடைசியில் ஒரு நாள்

கடைசி வாரத்தில் ஒரு மாலை, வெளிச்சம் மங்கும்வரை இருங்கள். வாத்துகள் கரையோரம் வரிசையாக அடைவதைப் பார்க்கலாம். வரிசையின் ஓரத்தில் இருக்கும் வாத்தின் வெளிப்பக்கக் கண் திறந்திருக்கிறதா என்று பைனாகுலரில் தேடுங்கள். மல்லார்டுகளை வைத்துச் செய்து 1999-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஓரத்து வாத்து மூளையின் ஒரு பாதியை விழிப்பாக வைத்துக்கொண்டு ஒரு கண்ணால் காவல் காத்தபடியே தூங்கும் என்று காட்டியது. நடுவில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு கண்ணையும் மூடித் தூங்கும். நான் இதைச் சரியாகப் பார்க்க மூன்று மாலை ஆனது. மூன்றாவது மாலை, ஓரத்தில் இருந்த பெண் வாத்தின் கண் இருட்டில் சின்ன மணி போலத் திறந்தே இருந்தது. நான் எழுந்து கிளம்பும்வரை அது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.